மூடின கதவுக்கு நாலு பலகை

— அப்போ குடுத்துடப் போறே.

— குடுக்காம? போஸ்டரை வாங்க நாலு மணிக்குக் கமிட்டி ஆளே வர்றார். ஊர் முழுக்க ஒட்டப் போறாங்க நிகி. ஒவ்வொரு விளம்பரத் தூண்லயும், ஸ்டேஷன் வாசல்ல, ரைன் ஆத்துப் பாலத்து முனையில. படிச்சிக்கிட்டிருக்கிற பொண்ணோட போஸ்டரை பாசல் தெருவுல ஒட்டினாங்கன்னு எப்பவாவது கேட்டிருக்கியா?

— படிச்சிக்கிட்டிருக்கிற பையனோடதையே கேட்டதில்ல. சத்தியமா சொல்றேன் ஊர்சினா, எனக்கு வயித்தெரிச்சல்தான். ஆனா நான் கேக்கறது அதில்ல.

— நீ என்ன கேக்கறேன்னு தெரியும். அந்த மை ரோலரைப் படுக்க வெக்காதே, ஒரு பக்கம் தட்டையாயிடும். தொங்க விடு.

— விட்டாச்சு. பதில் சொல்லு.

— அது வேற, இது வேற.

— எது வேற? பிப்ரவரி ஒண்ணாந்தேதி ஆம்பளைன்னு நான் போய், பொம்பளைன்னு நீ ஓட்டுப் போடலாமா கூடாதான்னு சீட்டுல எழுதப் போறேன். நான்! போன வாரம் சட்டைப் பொத்தானை மாத்திப் போட்டுக்கிட்டு வகுப்புக்கு வந்தவன். நீ என்னடான்னா, 'கூடாதுன்னு எழுதுங்கடா'ன்னு எங்களுக்கு ஊர் முழுக்க எழுதி ஒட்டறே.

— நான் எதையும் சொல்லல. நாலு எழுத்தை அடுக்கினேன். வாத்தியார் குடுத்த பயிற்சி அது. பாதிப் பேருக்கு 'ஆமா'ங்கிற யா, பாதிப் பேருக்கு 'கூடாது'ங்கிற நைன்.

— வாத்தியார் தொப்பியில சீட்டுப் போட்டுக் குலுக்கினப்போ உனக்கு வந்தது யா. எனக்குத்தான் நைன் வந்தது. ஜன்னல் பக்கமா வந்து, 'நிகி, நிகி, மாத்திக்கலாம்டா, உனக்கு ஒரு வாரம் காப்பி வாங்கித் தர்றேன்'னு கெஞ்சினது யாரு?

— அந்தக் காப்பியை நீ குடிச்சே இல்ல?

— குடிச்சேன். ரெண்டாவது நாளே தெரிஞ்சுது, நீ ஏன் மாத்தினேன்னு.

— தெரியாம இருக்குமா? கண்ணு இருக்கிற எவனும் மாத்துவான். N, E, I, N. நாலும் நேரா நிக்கிற தூண். ரெண்டு கோடியிலயும் ஒரே எழுத்து. நடுவுல ஒல்லியா ஒரு I, காவக்காரன் மாதிரி. கடவுளே உக்காந்து அடுக்கினாலும் இதைவிட அமையாது. உன் யாவைப் பாரு, வெறும் J, A. J கீழ கொக்கி போட்டுத் தொங்குது. A மேல கூம்பிக்கிட்டுப் போகுது. ரெண்டுக்கும் நடுவுல மேல பெரிய ஓட்டை, மாடே புகுந்து போகலாம்.

— 'ஆமா'ன்னு சொல்ல ரெண்டு எழுத்துதான் குடுத்திருக்கான். 'கூடாது'ன்னு சொல்ல நாலு. எங்கயுமே இதே கதைதான், மறுக்கிறவன் பக்கம் ஆளு ஜாஸ்தி.

— ஆளு கம்மின்னா அடுக்கறவன் கொஞ்சம் மெனக்கெடணும். நீ என்ன பண்ணினே? அந்த ஓட்டையை மறைக்க ஒரு சிவப்பு வட்டத்தைக் கொண்டுபோய் வெச்சே.

— அது சூரியன்.

— அது தக்காளி. யா கமிட்டிக்காரம்மா அதைப் பாத்துட்டு உன்கிட்ட என்ன சொன்னாங்க? சொல்லு, சொல்லு.

— 'நல்ல மனசு தம்பி உனக்கு'ன்னாங்க.

— நல்ல மனசு! போஸ்டர் பாத்துட்டு ஒருத்தர் மனசைப் பத்திப் பேசினா அந்த போஸ்டர் செத்துப் போச்சுன்னு அர்த்தம்.

— சிரி, நல்லா சிரி. எங்கே அது? நேத்து சாயங்காலம் இந்த மேஜையிலதான், எழுத்து அடுக்கின ஃபாரத்தோட விட்டுட்டுப் போனேன்.

— ஃபாரம் அந்தப் பெஞ்சு மேல இருக்கு, ஈரத்துணி போட்டு மூடியிருக்கேன். தொடாதே. உன் ப்ரூஃபைச் சுருட்டி உலர்த்துற அறையில மேல் தட்டுல வெச்சிருக்கேன். அதையும் தொடாதே, இன்னும் காயல.

— நேத்து எடுத்தது இன்னுமா காயல?

— ஜனவரி மாசம்டா. அடுப்பைக் காலையில நான் வந்துதான் மூட்டினேன்.

— நீ எப்போ வந்தே? முழங்கை வரைக்கும் மை.

— சீக்கிரம் வந்தேன். பேச்சை மாத்தாதே, ப்ரூஃப் எடுக்கணும். நீ தாளைப் பிடி, நான் உருளையைத் தள்றேன். கோணாம பிடி. உன் யா மாதிரி போயிடப் போகுது.

— பிடிச்சிருக்கேன் மகராசி... தள்ளு. ம். இப்போ தூக்கவா?

— மூலையில இருந்து. மெதுவா, மெதுவா... பாரு. பாரு நிகி! கரியில வெட்டி எடுத்த மாதிரி. அந்த E-க்கும் I-க்கும் நடுவுல இருக்கிற வெள்ளையைப் பாரு. வெள்ளைன்னா சும்மா கிடக்கிற இடம்னு நினைக்கிறீங்க எல்லாரும். அதை அங்கே நிறுத்த எத்தனை கட்டையை இழைச்சு இழைச்சு வெச்சேன் தெரியுமா? இந்த ஃபாரத்தைத் தூக்கிப் பாத்தா தெரியும், கறுப்பை விட வெள்ளைதான் கனம்.

— அழகுதான். யாரு இல்லைன்னா? உங்க அம்மாவுக்கும் ஒண்ணு அனுப்பு.

— அம்மாவை ஏன் இழுக்கிறே?

— நீ சொன்னதுதான். உங்க அப்பா செத்துப் போன அதே வாரம் பஞ்சாயத்துல இருந்து ஓட்டுச் சீட்டு வந்தது. மர ஆலையை நடத்தறது அம்மா, வரி கட்டறது அம்மா, சீட்டு மட்டும் உன் தம்பி கியான் பேருக்கு. அவன் சமையக்கட்டு மேஜையில உக்காந்து எழுதறான். அம்மா வந்து மேஜையைத் துணியால துடைச்சு விடறாங்க, சீட்டுல கறை படக்கூடாதுன்னு. இதை நீ எங்கிட்டச் சொன்னப்போ அழுதே ஊர்சினா. படகுத் துறையில நின்னு.

— குளிர்ல கண்ணு தண்ணி விட்டுச்சு.

— சரி, குளிர்.

— கேட்டுக்கோ நிகி. பாலம் கட்டறவன் யாரு அதுமேல நடக்கப் போறான்னு பாத்தா கட்டறான்? எங்கம்மா அறுக்கிற பலகையில சவப்பெட்டியும் செய்வாங்க, தொட்டிலும் செய்வாங்க. பலகை நேரா இருக்கான்னுதான் எங்கம்மா பாப்பாங்க. நானும் அவ்வளவுதான். எனக்கு வேண்டியது, என் எழுத்து தெருவுல நிக்கணும், அடியில என் பேரு நிக்கணும். வெளிய வந்தா எந்த அச்சகத்துலயும் ஒரு பொண்ணை எழுத்துப் பெட்டி முன்னால நிறுத்த மாட்டான். டீ போடுன்னுவான், உறையை ஒட்டுன்னுவான். இந்த போஸ்டரைத் தூக்கி அவன் மேஜையில வெச்சா, வாயை மூடிக்கிட்டு இடம் விடுவான். எனக்கு ஓட்டை விட அதுதான் முதல்ல வேணும்.

— அது நியாயம்தான்.

— நியாயம்னு ஒத்துக்கிட்டே இல்ல? முடிஞ்சுது.

— முடியல. ஒரு யோசனை. பெரிய எழுத்து அப்படியே இருக்கட்டும், அடியில இருக்கிற சின்ன வரியை மட்டும் மாத்திடுவோம். இப்போ என்ன இருக்கு? 'பெண்களுக்கு ஓட்டுரிமையா?'ன்னு இருக்கு. அதை எடுத்துட்டு, 'உங்க அம்மாவுக்கு உங்களை விட புத்தி கம்மியா?'ன்னு போடு. மேல பெருசா நைன்! எப்படி?

— அடுக்கறவன் பேசற பேச்சா இது? டிராம்ல போறவன் அடி வரியையா படிப்பான்? அவனுக்குத் தெரியறது நாலு எழுத்து. அதுதான் மண்டையில ஏறும். அடியில நீ வேத வசனமே போட்டாலும் அது நைன்தான்.

— அப்படியெல்லாம் இருக்காது.

— போ, நடைவழிக் கோடியில போய் நில்லு. நான் இந்தப் பக்கச் சுவர்ல மாட்டறேன். நீயே பாத்துச் சொல்லு.

— இதோ. இன்னும் தள்ளிப் போகவா?

— படிக்கட்டு வரைக்கும் போ. இப்போ திரும்பு. அடி வரி தெரியுதா?

— ஒரு கோடு மாதிரி தெரியுது. எறும்பு ஊர்ற மாதிரி.

— பாத்தியா! இப்போ எழுத்தைப் பாரு. படிக்காதே, சும்மா பாரு. என்ன தோணுது?

— கதவு.

— சத்தமாச் சொல்லு!

— கதவு மாதிரி இருக்குன்னேன்! பலகைக் கதவு. மூடித் தாழ்ப்பாள் போட்ட கதவு. அந்த N-ல இருக்கிற சாய்வு இருக்கே, அது குறுக்குச் சட்டம்!

— அதேதான்! எங்க ஆலை வாசல்ல இருக்கிற கதவுதான் அது. குறுக்குச் சட்டம் அடிச்ச கதவு. அதை நினைச்சுத்தான் இடைவெளி விட்டேன். நீயாச்சும் கண்டுபிடிச்சியே, நீ மடையன் இல்ல நிகி!

— ஊர்சினா!

— என்ன?

— நான் கதவுக்கு உள்பக்கம் நிக்கிறேன்.

— என்ன உளர்றே?

— சத்தியமா சொல்றேன். எனக்கு இது குளிர் வராம மூடின கதவு மாதிரி இருக்கு. உள்ள அடுப்பு இருக்கு, சூப் இருக்கு, எங்கப்பா இருக்கார், உன் தம்பி இருக்கான். இதைப் பாக்கறப்போ நல்லாத்தான் இருக்கு எனக்கு. நீதான் வெளிய நிக்கிறே. நீயே அறுத்து, நீயே இழைச்சு, நீயே ஆணி அடிச்சிருக்கே, வெளிய நின்னுக்கிட்டு.

— கேக்குது. இங்கே வா. கத்தாதே.

— வந்துட்டேன். கோவமா?

— கோவமில்ல. அளவு சரியா இருக்கான்னு யோசிக்கிறேன்.

— எதோட அளவு?

— சும்மா இரு. யாரோ படியேறி வர்றாங்க.

— உள்ள வரலாமா? கீழ யாரும் இல்ல, மை வாசனையைப் பிடிச்சுக்கிட்டே மேல வந்துட்டேன். டாக்டர் ஃபெட்டர்லி. நம்ம நைன் கமிட்டி சார்பா காலையில போன் பண்ணியிருந்தேன்.

— வாங்க சார். வணக்கம்.

— அடடா! சுவர்லயே மாட்டி வெச்சிருக்கீங்களே! பள்ளிக்கூடத்துக் கண்காட்சி ஜன்னல்ல பாத்ததை விட இது இன்னும் கம்பீரம். தம்பி, கை குடுங்க முதல்ல.

— கையெல்லாம் மை, டாக்டர்.

— இந்தக் கைக்கு மைதான் அழகு. அடியில 'ஊ. காஃப்லிஷ்'னு போட்டிருந்ததைப் பாத்தேன். ஊர்ஸா, ஊல்ரிஷா? மலை நாட்டுப் பேராச்சே. மலைக்காரங்க கையில மரம் பேசும்னு எங்க மாமனார் சொல்லுவார்.

— ஊர்சினா. அது நான்தான் சார். இவன் நிக்லாஸ்.

— நீங்களா அம்மா?

— நான்தான்.

— ஓ. ஓ... தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு நிமிஷம் திகைச்சுட்டேன். பிரமாதம், பிரமாதம். இவ்வளவு ஆம்பளைத்தனமான கை!

— அவ கையைப் பாத்துச் சொல்லுங்க டாக்டர், அதுல ஒரு விரல்தான் எனக்கு மொத்தக் கையும்.

— ஹஹ! தமாஷ்காரத் தம்பி. சரி, விஷயத்துக்கு வர்றேன். ஒரே ஒரு சின்ன திருத்தம். எழுத்துல இல்ல, எழுத்தைத் தொடக்கூடாது. அடியில இருக்கிற அந்தப் பேர்.

— என் பேர்ல என்ன சார்?

— தப்பா எடுத்துக்காதீங்கம்மா. நாங்க என்ன சொல்றோம்? பொம்பளைங்க அரசியல் சேத்துல கால் வெக்க வேண்டாம்னு சொல்றோம், அவங்க மேல இருக்கிற மரியாதையிலதான். அந்த போஸ்டருக்கு அடியிலயே ஒரு பொம்பளை பேர் இருந்தா, யா கட்சிக்காரங்க சிரிச்சே ஜெயிச்சிடுவாங்க.

— பேரே இல்லாம போடலாமே, டாக்டர்?

— பேரில்லாத போஸ்டரா, இந்த ஊர்லயா? யாரோ பயந்துக்கிட்டு ஒட்டினதுன்னு ஆயிடும் தம்பி. வேண்டாம். நான் யோசிச்சுப் பாத்தேன்... நீங்க ரெண்டு பேரும் கூட வேலை செய்யறவங்க. உங்க பேரைப் போட்டா என்ன?

— என் பேரையா?

— நிக்லாஸ்...?

— நிக்லாஸ் டோமென்.

— டோமென்! நம்ம ஊர்ப் பேரு. எங்க கமிட்டியில அச்சகம் வெச்சிருக்கிறவங்க ரெண்டு பேர் இருக்காங்க. ஓட்டு முடிஞ்ச பிறகும் அவங்க ஞாபகம் வெச்சிருப்பாங்க அந்தப் பேரை.

— சார், ஒரு கேள்வி கேக்கலாமா?

— கேளுங்கம்மா.

— இது நல்லா இருக்கா?

— அதான் சொன்னேனே. இந்த வருஷம் பாசல்ல இதைவிட நல்ல போஸ்டர் வராது.

— நான்தான் செஞ்சேன்னு தெரிஞ்ச பிறகும்?

— அதுக்கப்புறம் இன்னும் அதிசயமா இருக்கு.

— அப்போ எனக்கு யோசிக்கத் தெரியும்னு ஒத்துக்கிறீங்க.

— அம்மா, புத்தியைப் பத்தி யாரு பேசினா? என் வீட்டுக்காரிக்கு என்னை விட புத்தி. அவளைக் கேக்காம நான் ஒரு நாற்காலி வாங்கினதில்ல.

— இந்த விஷயத்துல அவங்க என்ன சொன்னாங்க?

— எந்த விஷயத்துல?

— ஓட்டு விஷயத்துல. அவங்களுக்கு வேணுமா, வேண்டாமான்னு.

— அதைக் கேக்கல.

— சரி.

— என்னம்மா பண்றீங்க? அந்த ஆப்பை ஏன் கழட்டறீங்க?

— பிரிக்கிறேன் சார். எங்க பட்டறையில ஒரு வழக்கம் உண்டு. யாரு அடுக்கினாங்களோ அவங்களேதான் பிரிச்சு எழுத்துப் பெட்டியில போடணும். அடுத்தவங்க கை வெக்கக்கூடாது. வாத்தியாரே வெக்க மாட்டார். பாருங்க, முதல் N. அது போச்சு.

— ஐயோ, பொறுங்கம்மா! தம்பி, சொல்லுங்க அவங்ககிட்ட!

— வழக்கம்னா வழக்கம்தான் டாக்டர். நான் தொட்டா என்னைப் பட்டறையை விட்டே துரத்திடுவாங்க.

— E. இதுதான் ரொம்பப் படுத்திச்சு. I. அவ்வளவுதான் சார். கடைசி N-ஐயும் எடுத்தாச்சு. சுவர்ல இருக்கிற ப்ரூஃபைச் சுருட்டி நான் வெச்சுக்கிறேன். அதுல என் பேர் இருக்கு, உங்களுக்கு உபயோகப்படாது.

— இது அநியாயம். வாக்குக் குடுத்த பிறகு... தம்பி, நீங்க விவரமானவர். மர எழுத்து கூட எங்களுக்கு வேண்டாம். ஒரே ஒரு பிரதி கிடைச்சா போதும், எங்க ஆள் அதைப் பாத்து அச்சுக் கல்லுல வரைஞ்சு எடுத்து அச்சடிச்சுடுவான். உங்ககிட்ட வேற பிரதி எதுவும் இல்லையா?

— இருக்கு, டாக்டர்.

— இருக்கா!

— நேத்து எடுத்த போஸ்டர் ஒண்ணு உள்ள இருக்கு. அடியில என் பேரே போட்டிருக்கு.

— நிகி!

— முழுப் பேரு டாக்டர். நிக்லாஸ் டோமென், பாசல்.

— நிகி, என்ன சொல்றே நீ? எப்போ எடுத்தே? நேத்து நான் போன பிறகா?

— நீ வேலையைப் பாரு ஊர்சினா. ஆம்பளைங்க பேசிக்கிட்டிருக்கோம்.

— அதைக் குடுத்தேன்னா இனிமே என் முகத்துல முழிக்காதே.

— தம்பி, தம்பி, கோவத்துல சொல்றாங்க, விடுங்க. எங்கே அது?

— உலர்த்துற அறையில. எடுத்துட்டு வர்றேன் இருங்க... இதோ. மேல பழுப்புத் தாளும் சுத்திட்டேன்.

— விரிச்சுப் பாக்கலாமா?

— உங்க இஷ்டம் டாக்டர். ஆனா மை காயல. அந்தக் கையுறை ஆட்டுத்தோல் மாதிரி தெரியுது.

— வேண்டாம், வேண்டாம். சாயங்காலம் கமிட்டி கூடுது, அங்கேயே எல்லாரும் சேந்து விரிச்சுப் பாக்கறோம். நானே எழுந்து நின்னு உங்க பேரைச் சொல்லுவேன் தம்பி. வர்றேம்மா. தப்பா எடுத்துக்காதீங்க.

— படியில வழுக்கும், பாத்துப் போங்க டாக்டர்!... போயிட்டார்.

— நீயும் போ.

— ஊர்சினா...

— எங்கிட்டப் பேசாதே. என் எழுத்தைத் திருட்டுத்தனமா ப்ரூஃப் எடுத்து, உன் பேரை அடிச்சு, எடுத்து வெச்சிருந்திருக்கே. அப்புறம் அம்மா, மேஜை, கறைன்னு எனக்கு உபதேசம் வேற. தூ! உள்பக்கம் நிக்கிறேன்னு சொன்னியே, அது ஒண்ணுதான் உண்மை. அந்த அச்சகக்காரங்க ரெண்டு பேரும் உன்னை நல்லா ஞாபகம் வெச்சுக்கட்டும்.

— வெச்சுக்குவாங்க. சாகிற வரைக்கும் மறக்க மாட்டாங்க. நான் குடுத்தது என் யா.

— என்னது?

— அவருக்குக் குடுத்த சுருள். நேத்து எடுத்த போஸ்டர்னேன், அடியில என் பேருன்னேன். ஒரு வார்த்தை பொய் சொன்னேனா? உன் நைன்ல நான் எப்போ கை வெச்சேன்? பழுப்புத் தாளுக்குள்ள போறது என் யாதான். கொக்கி J, மாடு புகுற ஓட்டை, தக்காளி, எல்லாத்தையும் கட்டி அனுப்பிட்டேன். யோசிச்சுப் பாரு! நீள மேஜை, சுத்தி எல்லா டாக்டரும். நம்ம ஆளு எழுந்து நின்னு, 'டோமென்!'னு சொல்லிட்டு விரிக்கிறார்... ஏன் சிரிக்க மாட்டேங்கிறே? நான்தானே கோமாளியாப் போறேன், நீ சிரிக்கலாம்ல?

— எந்தத் தட்டுல இருந்து எடுத்தே?

— மேல் தட்டு. நீதானே அங்கே வெச்சேன்னு சொன்னே.

— நிகி, அதுல தக்காளி இல்ல.

— என்ன?

— அந்தத் துணியைத் தூக்கு.

— எது, என் ஃபாரமா? தொடாதேன்னியே.

— இப்போ தொடலாம். தூக்கு.

— ... ஊர்சினா. இது என் யா இல்லையே.

— இல்ல.

— ஓட்டை எங்கே போச்சு? A எப்படி J-க்குள்ள இவ்வளவு நெருங்கி வந்துது? இரு, இரு... மரத்தைச் சீவியிருக்கே! பள்ளிக்கூடத்து எழுத்தையா சீவினே? வாத்தியார் உன்னைக் கொன்னே போடுவார்!

— ரெண்டு பக்கமும் ஒரு மயிரிழை. நெருக்கினதும் மிச்சமான வெள்ளையை எல்லாம் வலப்பக்கம் கொட்டிட்டேன்.

— பாதித் தாளு வெறும் வெள்ளை. அதுவும் அந்த A-யோட சாய்வுல இருந்து அப்படியே விரிஞ்சு வருது... உள்ள விளக்கு எரியற வீட்டுக் கதவு திறந்த மாதிரி. எப்போ பண்ணினே இதை?

— காலையில, நீ வர்றதுக்கு முன்னால. உன்னோட தக்காளியை என்னால சகிக்க முடியல. ப்ரூஃப் எடுத்து மேல் தட்டுல வெச்சேன். உன்னோடது கீழ் தட்டுல இருக்கு.

— அப்போ அந்த கமிட்டி மேஜையில விரியப் போறது...

— இதுதான். அடியில உன் பேரு, பக்கத்துல என் பேரு. முழுசா, ஊர்சினான்னு.

— ஆனா காலையிலயே இதைப் பண்ணிட்டு, அந்த நைனை எதுக்குக் குடுக்க இருந்தே?

— ரெண்டும் ஒரே தூண்ல பக்கத்துல பக்கத்துல நிக்கட்டும்னு நினைச்சேன். யாரு ஜெயிச்சாலும் ஊரு பாக்கறது என் எழுத்து. திமிருதான். நீ நடைவழிக் கோடியில நின்னு உள்ள அடுப்பு இருக்கு, சூப் இருக்குன்னு சொல்ற வரைக்கும் அது திமிருன்னே எனக்குத் தெரியல.

— எல்லாம் சரி, எனக்குச் சொல்லியிருக்கலாம்ல? காலையில இருந்து தக்காளி தக்காளின்னு என்னை வறுத்து எடுத்தியே!

— அது தக்காளிதான். ரோலரை எடு, மையைப் போடு. நாளைக்கு விடிஞ்சதும் உன் நல்ல மனசை மெச்சின அந்தம்மா வீட்டு வாசல்ல இதோட நிக்கணும் நாம.

— இந்த வெள்ளையைப் பாத்துக்கிட்டே இருக்கலாம் போல இருக்கு. இதை எங்கே கத்துக்கிட்டே நீ?

— எங்க ஆலைக் கதவை ராத்திரி மூடினது அப்பா, விடியக்காலையில திறக்கறது எப்பவும் எங்கம்மாதான்டா.